இரு ஃபோட்டான் உட்கவர்வும் லேசரின் கோட்டகலமும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சில எம்.எஸ்சி. மாணவர்கள் கூடுவார்கள். பாதிப்பேர் புதுச்சேரிப் பிள்ளைகள், மீதிப்பேர் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது இருவராவது ரூபிடியம் ஆவியில் இரு ஃபோட்டான் உட்கவர்வை (ஓர் அணு இரண்டு ஒளித்துகள்களைச் சேர்த்து விழுங்குவதை) அளக்கும் புராஜெக்ட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன்.

சோதனை இதுதான். கண்ணாடிக் குப்பியில் ரூபிடியம் ஆவி, 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில். 778 நானோமீட்டர் லேசர் ஒளி அதற்குள் போய், எதிரே உள்ள கண்ணாடியில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. அணு இரண்டு ஃபோட்டான்களை விழுங்கி 5எஸ் என்ற அடி ஆற்றல் நிலையிலிருந்து 5டி என்ற மேல்நிலைக்கு ஏறுகிறது. இறங்கும்போது ஒரு பகுதி அணுக்கள் 6பி வழியாக வந்து 420 நானோமீட்டரில் நீல ஒளியை விடுகின்றன. அந்த நீலத்தை ஃபோட்டோமல்டிப்ளையர் எண்ணுகிறது. லேசரின் அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தினால் திரையில் சிகரங்கள் தெரியும். அந்தச் சிகரங்களின் அகலத்தைப் பற்றித்தான் எல்லாக் கேள்வியும். லேசரின் சொந்த அதிர்வெண் பரவலும், அதாவது அதன் கோட்டகலமும், அதில் கலந்திருக்கிறது.

"அக்கா, ரெண்டு ஃபோட்டான்னா, அணு முதல்ல ஒண்ணை வாங்கி வெச்சுக்கிட்டு அப்புறம் இன்னொண்ணை வாங்குதா?"

வாங்கி வைக்க இடம் இல்லை. ஒற்றை ஃபோட்டானில் ஏற வேண்டுமானால் 780.24 நானோமீட்டர் வேண்டும். அங்கேதான் 5பி நிலை இருக்கிறது. நம் லேசர் 778-இல் நிற்கிறது. அலைநீளத்தில் 2 நானோமீட்டர் சின்னதாகத் தெரியலாம், அதிர்வெண்ணில் அது ஏறக்குறைய 1 டெராஹெர்ட்ஸ். ஆகவே அணு 5பி-யில் போய் உட்காருவதில்லை. இரண்டு ஃபோட்டான்களும் ஒரே நிகழ்வில் விழுங்கப்படுகின்றன. 5பி பக்கத்தில் இருப்பதால் அந்த நிகழ்வு கொஞ்சம் சுலபமாகிறது, அவ்வளவுதான்.

இப்படி நடக்கலாம் என்று மரியா கோப்பர்ட்-மேயர் 1931-லேயே தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கணக்குப் போட்டுவிட்டார். பார்க்கத்தான் 30 வருடம் ஆனது, ஏனென்றால் அதற்கு வேண்டிய செறிவான ஒளி 1960-இல் லேசர் வந்த பிறகே கிடைத்தது. 1961-இல் ஒரு படிகத்தில் பார்த்தார்கள், 1962-இல் சீசியம் ஆவியில். செறிவு ஏன் முக்கியம் என்றால், உட்கவர்வு செறிவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஒளியை இரண்டு மடங்காக்கினால் சிக்னல் நான்கு மடங்கு.

"லேசர்னா ஒரே நிறம்னுதானே பிளஸ் டூல படிச்சோம்? அதுக்கு எங்கிருந்து அகலம் வந்துச்சு?"

பிளஸ் டூ பொய் சொல்லவில்லை, சுருக்கிச் சொன்னது. லேசருக்குள் தன்னிச்சையாக உமிழப்படும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஒளியின் கட்டத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) கொஞ்சம் தள்ளிவிடுகிறது. அதனால் வரும் குறைந்தபட்ச அகலத்தை ஷாலோவும் டவுன்ஸும் 1958-இல், முதல் லேசர் பிறக்கும் முன்பே, சொல்லிவிட்டார்கள். டயோடு லேசரில் ஒளி மாறினால் பொருளின் ஒளிவிலகல் எண்ணும் மாறும், அதனால் அகலம் இன்னும் கூடும். அதற்கு மேல் மின்னோட்டத்தின் இரைச்சல், வெப்பநிலை, மேசை அதிர்வு எல்லாம் சேர்கின்றன.

எண்களாகச் சொன்னால், சாதாரண ஒற்றை முறை (ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஒளிரும்) டயோடு சில மெகாஹெர்ட்ஸ். வெளியே கிரேட்டிங் (நிறம் பிரிக்கும் கோடு போட்ட தட்டு) வைத்துக் கட்டியது சில நூறு கிலோஹெர்ட்ஸ். டேட்டா ஷீட்டில் "0.1 நானோமீட்டர்" என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். 778-இல் அது 50 கிகாஹெர்ட்ஸ்.

"குப்பியில டாப்ளர் அகலமே 500 மெகாஹெர்ட்ஸ் வருதே. அதுல லேசரோட 1 மெகாஹெர்ட்ஸ் எந்த மூலைக்கு?"

டாப்ளர் அகலம் என்பது, அணுக்கள் பல வேகங்களில் ஓடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஒளியின் அதிர்வெண் வேறாகத் தெரிந்து கோடு பரவுவது. ஒற்றை ஃபோட்டான் சோதனை என்றால் நீங்கள் சொல்வது சரி. இங்கே ஒளி எதிரெதிர் திசைகளில் போகிறது. லேசரை நோக்கி ஓடும் அணுவுக்கு ஒரு பக்கத்து ஃபோட்டான் எவ்வளவு கூடுதலாகத் தெரிகிறதோ, மறுபக்கத்து ஃபோட்டான் அவ்வளவு குறைவாகத் தெரியும். பக்கத்துக்கு ஒன்றாக விழுங்கினால் கூட்டுத்தொகையில் வேகம் அடிபட்டுப் போகிறது. எந்த வேகத்தில் ஓடும் அணுவும் ஒரே அதிர்வெண்ணில் பதில் சொல்லும். 1974-இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சோடியத்தில் இதைச் செய்து காட்டின. பாரிஸ் குழுவில் பிராபென், காஞ்யாக், கிரின்பெர்க். அமெரிக்காவில் ஒரு பக்கம் லெவன்சனும் புளூம்பெர்கனும், இன்னொரு பக்கம் ஹென்ஷும் ஷாலோவும் அவர்கள் கூட்டாளிகளும். (நான் "காக்னாக்" என்று படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பிரெஞ்சு எடுத்த ஒரு மாணவிதான் திருத்தினாள். புதுச்சேரியில் இருப்பதன் லாபம்.)

இரண்டு ஃபோட்டானையும் ஒரே பக்கத்திலிருந்து வாங்கும் அணுக்களுக்கு டாப்ளர் அப்படியே இருக்கும். அது கூர்மையான சிகரத்துக்கு அடியில் அகலமான திண்ணை மாதிரி கிடக்கும். லேசர் அகலம் 1 மெகாஹெர்ட்ஸா 3 மெகாஹெர்ட்ஸா என்பது அந்தத் திண்ணைக்கு உறைக்காது. மேலே நிற்கும் கூர்மைக்கு நன்றாகவே உறைக்கும்.

"இயற்கை அகலம் 660 கிலோஹெர்ட்ஸ்னு ஒருத்தர் சொல்றார், 330-னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?"

இருவரையும். இயற்கை அகலம் என்பது மேல்நிலையின் ஆயுளால் மட்டுமே வரும் அகலம். 5டி நிலையின் ஆயுள் சுமார் 240 நானோவினாடி. ஒன்றை இரண்டு பை மடங்கு ஆயுளால் வகுத்தால் 660 கிலோஹெர்ட்ஸ் சொச்சம் வரும். அது அணுவின் கணக்கு; இரண்டு ஃபோட்டான்களின் அதிர்வெண்களையும் கூட்டிய அச்சில் இருக்கிறது. உங்கள் திரையில் இருப்பது லேசரின் அதிர்வெண். லேசர் ஒரு படி நகர்ந்தால் கூட்டுத்தொகை இரண்டு படி நகரும். அதனால் லேசர் அச்சில் அதே கோடு 330 ஆகத் தெரிகிறது.

இனி இந்தப் பக்கம் முழுக்க "கூட்டு அச்சு", "லேசர் அச்சு" என்று பிரித்தே எழுதுகிறேன். நீங்களும் வரைபடத்தின் கீழே எந்த அச்சு என்று பேனாவால் எழுதி வையுங்கள். நான் படித்த காலத்தில் இதை எழுதாமல் விட்டு, ஆயுள் தப்பாக வந்ததற்கு ஒரு வாரம் குப்பியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லேசர் அகலமா இருந்தா சிகரம் அகலமாகும், சரி. உயரம் ஏன் படுத்துடுது?"

ஒரு படி நெல்லைக் குவித்து வைத்தாலும் படிதான், பாயில் பரப்பினாலும் படிதான். செறிவு குறைவாக, அணுக்கள் தெவிட்டாத நிலையில் (பெரும்பாலானவை இன்னும் கீழ்நிலையிலேயே) இருக்கும்வரை, கோட்டின் கீழுள்ள பரப்பு மாறாது. அகலம் கூடினால் உயரம் குறைந்தே ஆக வேண்டும்.

இதனால் அடிபடுவது உட்கவர்வின் குறுக்குவெட்டை (அணு எவ்வளவு எளிதாக ஒளியை விழுங்குகிறது என்பதன் அளவை) அளப்பவர்கள்தான். சிகரத்தின் உச்சியில் லேசரை நிறுத்தி, எண்ணிக்கையை எடுத்து, செறிவின் வர்க்கத்தால் வகுத்து, "இதுதான் குறுக்குவெட்டு" என்று எழுதிவிடுகிறார்கள். அதில் பாதி அணுவின் குணம், பாதி லேசரின் குணம். இன்னொருவர் வேறு லேசரில் எடுத்தால் வேறு எண் வரும். சிகரம் முழுவதையும் வருடி, திண்ணையைக் கழித்து, பரப்பை எடுங்கள். உச்சி மதிப்பு கட்டாயம் வேண்டும் என்றால் பக்கத்திலேயே லேசரின் அகலத்தையும் எழுதுங்கள். எழுதாத எண்ணை நான் நம்புவதில்லை.

"அப்போ கிடைச்ச அகலத்திலேர்ந்து லேசர் அகலத்தைக் கழிச்சா அணுவோட அகலம் வந்துடும், அவ்வளவுதானே?"

கழிப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று வடிவம், இரண்டு பெருக்கு (லேசர் அகலத்தை எத்தனை மடங்காக எடுப்பது). பெருக்கு அடுத்த கேள்வியில் வருகிறது.

வடிவம்: இரண்டும் லொரென்ட்ஸியன் (கூரான நடு, நீண்ட இறக்கை) என்றால் அகலங்கள் நேராகக் கூடும், நேராகக் கழிக்கலாம். இரண்டும் காஸியன் (மணி வடிவம்) என்றால் வர்க்கங்கள் கூடும். 3-உம் 4-உம் சேர்ந்து 7 ஆகாது, 5 ஆகும். அணு லொரென்ட்ஸியன், லேசர் காஸியன் என்றால் வருவது வோய்க்ட் வடிவம். அதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: லொரென்ட்ஸியன் அகலத்தை 0.5346-ஆல் பெருக்குங்கள், அதே அகலத்தின் வர்க்கத்தை 0.2166-ஆல் பெருக்கி, காஸியன் அகலத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த அகலம். கணினியில் வோய்க்டைப் பொருத்துவது இதைவிட நல்லது. ஆனால் பொருத்திய மென்பொருள் என்ன சொல்கிறது என்று சரிபார்க்க இந்தக் கைக்கணக்கு உதவும்.

"ரெண்டு ஃபோட்டான்னா லேசர் அகலம் ரெண்டு மடங்கா வரும்னு சார் சொன்னார். நாலு மடங்குன்னு ஒரு கட்டுரையில இருக்கு. எது?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். உங்கள் லேசர் எந்த விதமாக ஆடுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை.

முதலில் மெதுவான ஆட்டம். ஏசி காற்று, மேசை அதிர்வு, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இவையெல்லாம் லேசரின் அதிர்வெண்ணை நிதானமாக இப்படியும் அப்படியும் நகர்த்துகின்றன. ஒரு கணத்தை நிறுத்திப் பார்த்தால் லேசர் மெல்லிய கோடுதான். கோடு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. லேசர் 1 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தால் கூட்டுத்தொகை 2 மெகாஹெர்ட்ஸ் நகரும். ஆகவே கூட்டு அச்சில் இரண்டு மடங்கு. லேசர் அச்சில் பார்ப்பவருக்கு அதே 1 மெகாஹெர்ட்ஸ், புதிதாக ஒன்றும் இல்லை. சார் சொன்னது இது.

இனி வேகமான ஆட்டம். தன்னிச்சை உமிழ்வு மாதிரி, கட்டத்தைக் கணத்துக்குக் கணம் திசை தெரியாமல் தள்ளும் இரைச்சல். கள்ளுக்கடையிலிருந்து வருபவர் நடை என்று வையுங்கள். எவ்வளவு தூரம் விலகியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் விலகலின் வர்க்கத்தின் சராசரி நேரத்தோடு சீராக வளரும். அது வளரும் வேகம்தான் கோட்டகலம். இரண்டு ஃபோட்டான் விழுங்கும் அணு மின்புலத்துக்குப் பதில் சொல்வதில்லை, மின்புலத்தின் வர்க்கத்துக்குப் பதில் சொல்கிறது. வர்க்கத்தில் கட்டம் இரட்டிப்பாகிறது. விலகல் இரட்டித்தால் விலகலின் வர்க்கம் நான்கு மடங்கு. ஆக, கூட்டு அச்சில் நான்கு மடங்கு, லேசர் அச்சில் இரண்டு மடங்கு. இரண்டு ஃபோட்டானும் சம்பந்தமில்லாத இரண்டு லேசர்களிலிருந்து வந்தால் தள்ளாட்டங்கள் தனித்தனி. அப்போது வர்க்கங்கள்தான் கூடும், இரண்டு அகலங்களின் வெறும் கூட்டல்தான் வரும். ஒரே ஆள் இரட்டிப்பாகத் தள்ளாடுவதும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தள்ளாடுவதும் ஒன்றல்ல. இரு ஃபோட்டான் உட்கவர்வு ஒளியின் எந்தப் பண்பைப் பார்க்கிறது என்பதை 1968-லேயே மாலோ என்பவர் முறையாகக் கணக்கிட்டுவிட்டார். நீங்கள் பார்த்த கட்டுரை சொல்வது இந்த நாலு மடங்கைத்தான்.

ஓர் உதாரணம். இப்படி வேகமாக ஆடும் 500 கிலோஹெர்ட்ஸ் லேசர் உங்களிடம் இருக்கிறது. லேசர் அச்சில் சிகரத்தின் அகலம் 330-உடன் 500-இன் இரண்டு மடங்கு, மொத்தம் 1330 கிலோஹெர்ட்ஸ். நீங்கள் 500-ஐ மட்டும் கழித்தால் மிஞ்சுவது 830. கூட்டு அச்சில் அது 1660. அதிலிருந்து ஆயுளைக் கணக்கிட்டால் 96 நானோவினாடி வரும். உண்மை 240. கணக்கில் எங்கும் பிழை இல்லாமலேயே இவ்வளவு தப்பு.

"ஒரே லேசர்தான். ஆனா கண்ணாடியில பட்டுத் திரும்பி வர்ற ஒளி கொஞ்சம் பழைய ஒளி இல்லையா? அதை ரெண்டாவது லேசர் மாதிரி எடுத்துக்கலாமே?"

நல்ல கேள்வி. ஒரு கடலூர்ப் பையன் கேட்டான். எவ்வளவு பழையது என்று பார்க்க வேண்டும். ஒளியின் வேகத்தைப் பை மடங்கு அகலத்தால் வகுத்தால் ஓரியல் நீளம் (ஒளி தன் கட்டத்தை மறக்காமல் போகும் தூரம்) வரும். 500 கிலோஹெர்ட்ஸுக்கு அது 190 மீட்டர். உங்கள் மேசையில் ஒளி குப்பியைத் தாண்டித் திரும்பி வர ஒரு மீட்டர்கூட ஆகாது. அதற்குள் கட்டம் எதையும் மறந்திருக்காது. ஆகவே போகும் ஒளியும் வரும் ஒளியும் ஒரே தள்ளாட்டம்தான், நான்கு மடங்குதான்.

கடற்கரைச் சாலையின் ஒரு முனையில் குப்பியையும் மறு முனையில் கண்ணாடியையும் வைத்தீர்களானால் திரும்பும் ஒளி எல்லாவற்றையும் மறந்துவிட்டு வரும். அப்போது நீங்கள் சொன்னபடி இரண்டு லேசர் கணக்கு, கூட்டு அச்சில் இரண்டு மடங்கு. மாலையில் அங்கே வண்டி விடமாட்டார்கள், சோதனைக்கு வசதி. நடக்க வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

"எங்க லேசர் எந்த விதமா ஆடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? டேட்டா ஷீட்ல ஒரே ஒரு எண்தான் இருக்கு."

அந்த ஒற்றை எண் எவ்வளவு நேரம் பார்த்து எடுத்தது என்று முதலில் தேடுங்கள். மைக்ரோவினாடியில் 100 கிலோஹெர்ட்ஸாக இருக்கும் லேசர் ஒரு வினாடியில் 2 மெகாஹெர்ட்ஸாகத் தெரியலாம். நீங்கள் சிகரத்தை வருட ஒரு வினாடி எடுக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும்.

அளக்க இரண்டு வழி. ஒரே மாதிரி இரண்டு லேசர் இருந்தால் இரண்டையும் ஒரு டிடெக்டரில் சேர்த்து விம்மலை (இரண்டின் அதிர்வெண் வித்தியாசத்தில் வரும் துடிப்பை) பாருங்கள். லொரென்ட்ஸியன் என்றால் விம்மலின் அகலத்தில் பாதி ஒவ்வொன்றுடையது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒளியைப் பிரித்து ஒரு பாதியை நீண்ட ஃபைபர் வழியாகத் தாமதப்படுத்தி, மறு பாதியின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டையும் சேருங்கள். 500 கிலோஹெர்ட்ஸ் லேசருக்கு ஒரு கிலோமீட்டர் ஃபைபர் தாராளம். வடிவத்தையும் பாருங்கள். நடு உருண்டு காஸியன் மாதிரி இருந்தால் மெதுவான ஆட்டம், இறக்கைகள் நீண்டு லொரென்ட்ஸியன் மாதிரி இருந்தால் வேகமானது. பெரும்பாலும் நடு ஒரு விதம், இறக்கை ஒரு விதம் என்று கலந்தே வரும். அப்போது காஸியன் பங்கை லேசர் அச்சில் ஒரு மடங்காகவும் லொரென்ட்ஸியன் பங்கை இரண்டு மடங்காகவும் வைத்து வோய்க்ட் போடுங்கள்.

மெதுவான பங்கைக் குறைக்கக் காசு தேவையில்லை. ஏசியை நிறுத்திவிட்டு ஒரு தடவை வருடிப் பாருங்கள். மேசைக்கு அடியில் ரப்பர் வையுங்கள். சீலிங் ஃபேனைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, சித்திரையில் புதுச்சேரியில் யாரும் கேட்கமாட்டார்கள்.

"பவரைக் கூட்டினா சிக்னல் அருமையா வருது, ஆனா அகலமும் மாறுது. இதுவும் லேசர் அகலமா?"

இல்லை, வேறு ஆட்கள். செறிவு கூடினால் தெவிட்டல் வரும். அணுவின் நிலைகளும் ஒளியால் இடம் பெயரும். கற்றையின் நடுவில் ஒரு பெயர்ச்சி, ஓரத்தில் ஒரு பெயர்ச்சி என்பதால் கோடு ஒரு பக்கம் சாய்ந்து அகலும். செறிவுக்காகக் கற்றையைக் குறுக்கினால் அணு அதை வேகமாகக் கடந்துவிடும். 100 மைக்ரோமீட்டர் ஆரத்துக்குக் குறுக்கினால் அந்த ஒரு காரணத்தாலேயே கூட்டு அச்சில் சுமார் அரை மெகாஹெர்ட்ஸ் கூடும். இது இயற்கை அகலத்துக்குச் சமமாக வந்து நிற்கிறது.

பிரித்தறிய, பல பவர்களில் எடுத்து பூச்சியப் பவருக்கு நீட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: பவரை லேசரின் மின்னோட்டத்தால் குறைக்காதீர்கள். டயோடின் மின்னோட்டம் மாறினால் அதன் கோட்டகலமும் மாறும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றுவீர்கள். லேசரைத் தொடாமல், வெளியே வடிகட்டியாலோ துருவமாக்கும் தட்டுகளாலோ குறையுங்கள்.

"பக்கத்து லேப்ல மல்டிமோட் லேசர் வெச்சு எடுத்தாங்க. அதே பவர்ல அவங்களுக்கு எங்களைவிட அதிக சிக்னல்! அகலமான லேசருக்குக் குறையணும்னுதானே சொன்னீங்க?"

நெல் கதையில் நான் சொல்லாமல் விட்டது இது. அங்கே ஒளியின் செறிவு நிலையாக இருப்பதாக எடுத்துக்கொண்டேன். மல்டிமோட் லேசரில் பல முறைகள் (ஒரே சமயத்தில் ஒளிரும் பல அதிர்வெண்கள்) ஒன்றோடொன்று மோதுவதால் செறிவு கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். சராசரி பவர் ஒன்றுதான், ஆனால் நமக்கு வேண்டியது செறிவின் வர்க்கத்தின் சராசரி. சமமான முறைகள் எத்தனையோ, ஒன்றை அந்த எண்ணால் வகுத்து 2-இலிருந்து கழியுங்கள். இரண்டு முறைக்கு 1.5 மடங்கு, பத்து முறைக்கு 1.9 மடங்கு. இது 2-ஐத் தாண்டாது.

உட்கவரும் கோடு லேசரைவிட அகலமாக இருந்தால், உதாரணமாகத் திண்ணை மட்டும் அல்லது திரவத்தில் கரைந்த சாயம், இந்த லாபம் முழுதாகக் கிடைக்கும், நஷ்டம் தெரியாது. டாப்ளர் நீங்கிய கூர்மையான சிகரத்தில் நஷ்டம் லாபத்தை விழுங்கிவிடும். பக்கத்து லேப்காரர்கள் திண்ணையைத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். எப்படியோ, முறைகளின் எண்ணிக்கை தெரியாத லேசரில் எடுத்த குறுக்குவெட்டு இரண்டு மடங்குவரை தப்பாக இருக்கலாம்.

"லேசர் 778-லதான் நிக்குது. ஆனா குப்பியிலேர்ந்து 780 ஒளியும் வருதே, அக்கா?"

அதில் நியாயமான பங்கு ஒன்று உண்டு. 5டி-யிலிருந்து சில அணுக்கள் 776 நானோமீட்டரை விட்டு 5பி-க்கு வந்து, அங்கிருந்து 780-ஐ விட்டு இறங்கும். இன்னொரு பங்கு ஏமாற்று. டயோடு லேசர், குறிப்பாக அதற்குப் பின்னால் பெருக்கி வைத்தது, கூர்மையான கோட்டுக்கு அடியில் பல நானோமீட்டர் அகலமான மங்கிய ஒளியையும் சேர்த்தே விடும். கோட்டகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்று டேட்டா ஷீட் சொல்லும், இந்த மங்கலைப் பற்றி மூச்சு விடாது. அதிலுள்ள 780 அணுவை நேராக 5பி-க்கு ஏற்றிவிடும்.

லேசரைச் சிகரங்களிலிருந்து சில கிகாஹெர்ட்ஸ் தள்ளி நிறுத்துங்கள். 780 அப்படியே இருந்தால் அது மங்கலின் வேலை. பவருக்கு எதிராக மடக்கை வரைபடமும் போடுங்கள். சாய்வு 2 வர வேண்டும்; 1.6, 1.7 என்று வந்தால் ஒற்றை ஃபோட்டான் கலந்திருக்கிறது. குப்பிக்கு முன்னால் கிரேட்டிங்கோ குறுகிய வடிகட்டியோ வைத்தால் தீரும். நீல ஒளியை மட்டும் எண்ணுவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

"ஹைட்ரஜன்ல ரொம்பத் துல்லியமா எடுத்திருக்காங்களாமே, அவங்க லேசர் எவ்வளவு மெலிசு?"

ஹைட்ரஜனின் 1எஸ்–2எஸ் மாற்றம், 243 நானோமீட்டரில் இரண்டு ஃபோட்டான். 2எஸ் நிலை ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் வாழ்வதால் இயற்கை அகலம் 1.3 ஹெர்ட்ஸ். நம் ரூபிடியத்தைவிட ஐந்து லட்சம் மடங்கு மெலிது. 2011-இல் ஹென்ஷின் குழு வெளியிட்ட மதிப்பு 2466061413187035 ஹெர்ட்ஸ், தவறு 10 ஹெர்ட்ஸ்.

243-ஐ நேராகத் தரும் நல்ல லேசர் கிடைப்பது கஷ்டம் என்பதால் 972-இல் தொடங்கி இரண்டு தடவை அதிர்வெண்ணை இரட்டிப்பார்கள். பிறகு அணு இரண்டு ஃபோட்டானை எடுக்கிறது. மொத்தத்தில் கட்டம் எட்டு மடங்காகிறது. நாலு மடங்குக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: வேகமான இரைச்சலுக்கு எட்டின் வர்க்கம், 64. 972-இல் ஒரு ஹெர்ட்ஸ் அகலம் அணுவிடம் போய்ச் சேரும்போது 64 ஹெர்ட்ஸ். அதனால்தான் அதிர்வுக்கும் வெப்பத்துக்கும் அசையாத ஒளிக்குடுவைகளோடு (எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி ஓடித் திரும்பும் குழிகளோடு) லேசரைக் கட்டிப்போடுகிறார்கள்.

"பிளாஸ்மா ஆளுங்க பல்ஸ் லேசர்ல பண்றாங்க. கிகாஹெர்ட்ஸ் கணக்குல அகலம். அவங்களுக்கு மட்டும் எப்படிச் சரியா வருது?"

அவர்கள் கேட்பது வேறு. அணு எத்தனை இருக்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி, அகலம் அல்ல. ஆக்ஸிஜன் அணுவை 225.6 நானோமீட்டரில் அளந்துவிட்டு, அடர்த்தி தெரிந்த செனான் வாயுவை 224.3-இல் அளந்து ஒப்பிடுவார்கள். ஹைட்ரஜனுக்கு 205, அதற்குத் துணை 204-இல் கிரிப்டான். இரண்டிலும் முழுச் சிகரத்தையும் வருடிப் பரப்பை எடுப்பதால் லேசர் அகலம் அடிபட்டுப் போகிறது. செறிவின் ஏற்ற இறக்கம் தரும் மடங்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அடிபடும். அதனால் இரண்டு அளவீட்டுக்கும் நடுவில் லேசரைத் திருகக் கூடாது.

பல்ஸுக்கு ஒரு கீழ் எல்லையும் உண்டு. காஸியன் பல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 0.44-க்குக் கீழே போகாது. 5 நானோவினாடிக்கு 88 மெகாஹெர்ட்ஸ். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்கு மெலிதான 5 நானோவினாடி பல்ஸ் கிடையாது.

"எங்ககிட்ட இருக்கறது 2 மெகாஹெர்ட்ஸ் டயோடு ஒண்ணுதான். புராஜெக்ட் தலைப்பை மாத்திடவா?"

வேண்டாம். 2 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் வேகமான இரைச்சல் என்றே வைத்துக்கொள்வோம். லேசர் அச்சில் சிகரத்தின் அகலம் 4.3 மெகாஹெர்ட்ஸ், உயரம் பதின்மூன்றில் ஒரு பங்கு. நீலம் குறைவாக வரும், எண்ண நேரம் அதிகம் ஆகும். ஆயுளை அகலத்திலிருந்து எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், 4.3-இல் 0.33-ஐத் தேடுவது வீண் வேலை.

ரூபிடியம்-87-இல் 5டி-யின் நுண்பிளவுகள் (அணுக்கருவின் தாக்கத்தால் பிரியும் உள்நிலைகள்) லேசர் அச்சில் 8, 11, 14 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. அவை தனித்தனியாகத் தெரியும், இடைவெளியை அளக்கலாம். ரூபிடியம்-85-இல் இடைவெளிகள் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸுக்குள். அவை ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக வரும், அதை விட்டுவிடுங்கள். இரண்டு ஐசோடோப்புகளின் பரப்புகளை ஒப்பிட்டு 72-க்கு 28 என்ற இயற்கை விகிதம் வருகிறதா என்று பார்க்கலாம், பரப்புக்கு அகலம் பொருட்டில்லை. பவரின் வர்க்கச் சாய்வைக் காட்டலாம். மின்னோட்டத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்து, லேசர் அகலத்தைத் தனியே அளந்து, சிகரம் ஒரு மடங்கு அகல்கிறதா இரண்டு மடங்கு அகல்கிறதா என்று வரைந்தால் அதுவே முழு புராஜெக்ட். போன வருடம் ஒரு பெண் அதைத்தான் செய்தாள். மெதுவான இரைச்சலுக்குச் சாய்வு 1-ஐ ஒட்டி வந்தது, வேகமானதுக்கு 1.8. வைவாவில் ஏன் 2 வரவில்லை என்று கேட்டார்களாம். இரைச்சல் மூலத்தின் பட்டை (அதிர்வெண் வீச்சு) போதாது என்று சொல்லியிருக்கிறாள், சரியான பதில்தான்.